ஒரே ஒரு சைக்கிள் போட்டால் என்ன ஆகிவிடும்?

வாசகர் கேள்விகள் – மருத்துவர் பதில்கள்

தசை வளர்ப்பதற்காக எடுத்துக்கொள்ளப்படும் ஊசி, மாத்திரை, பொடி ஆகியவற்றைப் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது. எழுதியவர்களில் பலர் தங்கள் பெயர் வரக் கூடாது என்று கேட்டிருப்பதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 24. மூன்று ஆண்டுகளாக எடைப் பயிற்சி செய்து வருகிறேன். கடந்த ஓர் ஆண்டாக உடம்பில் எந்த முன்னேற்றமும் இல்லை. ‘12 வாரத்துக்கு ஒரே ஒரு சைக்கிள் (சில வாரம் ஸ்டீராய்டு எடுத்து நிறுத்தும் ஒரு சுற்று) போடு, அளவோடு எடுத்தால் ஒன்றும் ஆகாது, அப்புறம் விட்டுவிடலாம்’ என்கிறார் ஜிம் மாஸ்டர். அவர் சொல்வது சரியா டாக்டர்?

பதில்: ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் அதைப் போன்ற மருந்துகளும், தசையை வளர்க்கும் என்பதில் உங்கள் மாஸ்டரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்கள் சிலர் ‘அது தசையே இல்லை, வெறும் நீர்’ என்று சொல்லிப் பார்த்தார்கள். கூடப் பயிற்சி செய்யும் நண்பனின் தோள் மாதத்துக்கு மாதம் விரிவதைக் கண்ணால் பார்க்கிற இளைஞனிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை; அவர்கள் அடுத்துச் சொன்ன உண்மையான எச்சரிக்கைகளையும் அவன் நம்பாமல் போனதுதான் மிச்சம். 1996-இல் வெளியான, ஷாலேந்தர் பாசின் தலைமையில் நடந்த ஆய்வு இந்த விவாதத்தை முடித்துவைத்தது. அதில் 43 ஆண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 10 வாரங்கள் கவனிக்கப்பட்டார்கள். மருந்தில்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 2 கிலோ கூடியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்குச் சுமார் 3 கிலோ கூடியது. இரண்டையும் செய்தவர்களுக்குச் சுமார் 6 கிலோ கூடியது. உழைத்தவனைவிடச் சும்மா இருந்தவனுக்கு அதிகம் கிடைத்தது என்பது கசப்பான முடிவுதான், ஆனால் அதை மறைத்துப் பயனில்லை.

இனி அவர் சொல்லாமல் விட்டதைப் பார்ப்போம். ‘அளவோடு’ என்கிறாரே, ஆணின் உடல் இயல்பாக ஒரு நாளைக்குச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம்தான். அந்த ஆய்வில் தரப்பட்ட ஊசி, குறைபாடு உள்ள நோயாளிக்கு மருத்துவர் தரும் அளவைப்போல் சுமார் ஆறு மடங்கு. ஜிம்களில் பேசப்படும் சைக்கிள்களில் அந்த அளவு சாதாரணம் என்பதோடு, அதன்மேல் இன்னும் ஒன்றிரண்டு மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் ரத்தத்தில் இந்த ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்பதை ஓயாமல் கண்காணிப்பவை. வெளியிலிருந்து இவ்வளவு வந்து சேரும்போது, விரைகளை வேலை செய்யச் சொல்லி ஏவும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் அவை நிறுத்திவிடுகின்றன. ஏவுவார் இல்லாததால் விரைகள் சுருங்குகின்றன. விந்தணு உற்பத்தி குறைந்து, பலருக்கு அறவே நின்றுபோகிறது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும் வரை இதில் எதுவும் உங்களுக்குத் தெரியாது; சொல்லப்போனால் அந்தக் காலத்தில் உற்சாகம் கூடுதலாகவே இருக்கும்.

சிக்கல் தொடங்குவது மருந்தை நிறுத்திய பிறகுதான். வெளியிலிருந்து வந்தது தீர்ந்துவிட்டது, உள்ளே இருப்பது இன்னும் விழிக்கவில்லை என்ற நிலையில், வயதானவருக்கு இருக்கும் ஹார்மோன் அளவைவிடவும் குறைவான அளவோடு ஓர் இளைஞன் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடமாட வேண்டியிருக்கிறது. சேர்ந்த தசை கரைகிறது, ஆசை அடங்குகிறது, எதிலும் பிடிப்பில்லாமல் போகிறது. ஒரே ஒரு சைக்கிள் என்று தொடங்கியவர்கள் இரண்டாவதுக்குப் போவது பெரும்பாலும் பேராசையால் அல்ல, இந்த இடைவெளியைத் தாங்க முடியாததால்தான். ஸ்டீராய்டு எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர் அதை விட முடியாத நிலைக்குப் போகிறார்கள் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

இதயத்தின் கதை இதைவிட மௌனமானது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எடை தூக்கும் 140 ஆண்களின் இதயங்களை ஸ்கேன் செய்து ஒப்பிட்டது. அவர்களில் 86 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், 54 பேர் எடுக்காதவர்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தால், எடுக்காதவர்களுக்கு அது சராசரியாக 63, எடுத்தவர்களுக்கு 52. இதய ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவும் மருந்து எடுத்த ஆண்டுகளுக்கேற்பக் கூடுதலாக இருந்தது. ஸ்கேன் செய்திருக்காவிட்டால் அவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரிந்திருக்கவே போவதில்லை. டென்மார்க்கில் ஜிம்களில் நடந்த சோதனையில் ஸ்டீராய்டு எடுத்ததாகப் பிடிபட்ட 545 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அதே வயதுடைய மற்றவர்களைவிட அவர்களின் இறப்பு விகிதம் மூன்று மடங்காக இருந்தது.

12 வாரத்தில் உங்களுக்கு ஒன்றும் வலிக்காது என்ற அளவில் மாஸ்டர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வலிக்காததைத்தான் அவர் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார். ஓர் ஆண்டாக உடம்பு நகரவில்லை என்பதற்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும்; அதைப் பற்றிக் கடைசிக்கு முந்தைய பதிலில் எழுதியிருக்கிறேன், முதலில் அதைப் படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஜிம்முக்குப் போகத் தொடங்கியதிலிருந்து புரோட்டீன் பவுடர் வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். அதுவும் ஸ்டீராய்டுதான், கிட்னி போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, புரோட்டீன் பவுடர் ஸ்டீராய்டு அல்ல. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் நீரிலிருந்து பிரித்து உலர்த்தப்பட்ட புரதம்தான் ‘வே’ என்ற பெயரில் டப்பாவில் வருகிறது. பாலும் முட்டையும் மீனும் பருப்பும் தரும் அதே புரதத்தைக் கரண்டியால் அள்ளிக் கலக்கும் வசதிக்கு அப்பால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் சாப்பிடுவதால் சராசரியாகப் பெரிய கூடுதல் பலன் கிடைப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள பையனுக்கு அது 96 கிராம். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடும் பையன் இதன் பெரும்பகுதியைச் சாப்பாட்டிலேயே எட்டிவிடுவான். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுப்பதாகச் சான்று இல்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர்களுக்குத்தான் கட்டுப்பாடு தேவை.

என் கவலை அந்த டப்பாவைப் பற்றியதல்ல, அதே அலமாரியில் அதற்குப் பக்கத்தில் இருப்பவற்றைப் பற்றியது. பயிற்சிக்கு முன் குடிக்கும் தூண்டுபொடி, கொழுப்பு கரைக்கும் மாத்திரை, டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுவதாகச் சொல்லும் குப்பி ஆகிய எதுவும் 16 வயதில் வேண்டாம். 2000, 2001 ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய, ஹார்மோன் கலக்காதவை என்று விற்கப்பட்ட 634 சத்துப் பொருள்களைச் சோதித்தபோது, 94 பொருள்களில் லேபிளில் குறிப்பிடாத ஹார்மோன் கலவைகள் இருந்தன. அதாவது ஏழில் ஒன்று. பவுடர்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வகம் சோதித்துச் சான்று தந்த ஒன்றை, புரதமும் சுவையூட்டியும் தவிர வேறெதுவும் இல்லாத ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வேண்டாம் என்று முழுதாகத் தடுத்தால், அவன் காசு சேர்த்து எதை வாங்குவான் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்த வயதில் ஸ்டீராய்டுக்கு இன்னொரு தனிக் கெடுதல் உண்டு. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை அது காலத்துக்கு முன்பே மூடச் செய்வதால், இன்னும் வளர வேண்டிய உயரம் அத்தோடு நின்றுவிடும். சில வாரங்களில் எடை தாறுமாறாக ஏறுவது, முதுகிலும் தோளிலும் திடீரென்று பெரிய பருக்கள் கிளம்புவது, மார்புக் காம்புக்குக் கீழே வலியோடு ஒரு கட்டி தட்டுப்படுவது, இதுவரை இல்லாத எரிச்சலும் கோபமும் வருவது ஆகியவை சேர்ந்து தென்பட்டால் சத்தம் போடாமல் உட்கார்ந்து பேசுங்கள். பருவ வயதில் பருவும் கோபமும் தனித்தனியே வருவது இயல்புதான், அதற்காகப் பையனைச் சந்தேகிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. நான் உபயோகிக்கும் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதாகத் தெரிந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை, இன்றே மறுபடியும் தொடங்குங்கள். உங்கள் இன்ஹேலரில் இருப்பது அழற்சியை அடக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு. ஜிம்மில் பேசப்படுவது டெஸ்டோஸ்டிரோனின் உறவுக்காரர்களான அனபாலிக் ஸ்டீராய்டு. தசையைப் பொறுத்தவரை இரண்டும் நேர் எதிர்த்திசையில் வேலை செய்பவை. கார்ட்டிகோஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் அதிக அளவில் சாப்பிட்டால் தசை மெலியும். இன்ஹேலரில் வரும் அளவு மிகச் சிறியது, பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடுவது. உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளித்தால் போதும். மாத்திரையாகப் பல வாரம் எடுப்பவர்களும் தாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கேள்வி: பயிற்சிக்கு முன் குடிக்கும் ஒரு பொடியை நண்பர் கொடுத்தார். குடித்த கால் மணி நேரத்தில் முகமும் காதும் ஊசி குத்துவதுபோல் நமைச்சல் எடுத்தன, நெஞ்சு படபடத்தது. பொடி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்கிறார். தொடரலாமா?

பதில்: நமைச்சலும் படபடப்பும் ஒரே டம்ளரிலிருந்து வந்தாலும் வெவ்வேறு பொருள்களின் வேலை. நமைச்சலைத் தருவது பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலம். தோலின் நரம்பு முனைகளைத் தூண்டும், சற்று நேரத்தில் அடங்கிவிடும், கெடுதல் இல்லை. அதன் பலன் உடனே கிடைப்பதும் இல்லை, பல வாரம் தொடர்ந்து எடுத்தால்தான் ஓரளவு கிடைக்கும். ஆனாலும் குடித்தவுடன் ‘ஏறுகிறது’ என்ற நம்பிக்கையை ஊட்ட வசதியாக இருப்பதால் கம்பெனிகள் அதைத் தவறாமல் சேர்க்கின்றன. படபடப்பு காஃபினுடையது. ஆரோக்கியமான பெரியவர் ஒரு நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராம் வரை எடுக்கலாம் என்பது பொதுவான வரம்பு. இந்தப் பொடிகளில் சில ஒரே கரண்டியில் 300 மில்லிகிராமைத் தொட்டுவிடுகின்றன. மாலையில் குடித்தால் இரவு தூக்கம் போகும், தூக்கம் போனால் தசை வளர்வது குறையும், மறுநாள் சோர்வுக்கு இன்னும் ஒரு கரண்டி என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

நெஞ்சு படபடத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அந்தப் பொடியை நிறுத்திவிடுங்கள். மயக்கமோ நெஞ்சு வலியோ வந்திருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதும் அவசியம். லேபிளில் ஒவ்வொரு பொருளின் அளவும் தனித்தனியே இல்லாமல் ‘சிறப்புக் கலவை’ என்று மொத்த எடை மட்டும் போட்டிருந்தால் அதை யாருமே வாங்க வேண்டாம் என்பேன். 1940-களில் மூக்கடைப்பு மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்ட டி.எம்.ஏ.ஏ. என்ற தூண்டுபொருள் இப்படிப்பட்ட கலவைகளுக்குள்தான் ஒளிந்து வந்தது. ரத்த அழுத்தத்தைத் தூக்கி மாரடைப்பு வரை கொண்டுபோகக்கூடியது என்பதால் பல நாடுகள் பிறகு அதைத் தடை செய்தன. கொழுப்பைக் கரைக்கும் என்று ரகசியமாக விற்கப்படும் டி.என்.பி. இன்னும் மோசம். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உபயோகித்த ரசாயனம் அது. 1930-களில் எடை குறைக்கும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்து, ஆட்கள் செத்ததும் கைவிட்டார்கள். உடல் வெப்பத்தை அது ஏற்றத் தொடங்கிவிட்டால் இறக்குவதற்கு மாற்று மருந்து கிடையாது.

கேள்வி: சார்ம்ஸ் என்ற மாத்திரை ஸ்டீராய்டு இல்லை, தசையில் மட்டும் வேலை செய்யும், பக்க விளைவே கிடையாது என்கிறார்களே?

பதில்: தசையிலும் எலும்பிலும் மட்டும் வேலை செய்து மற்ற உறுப்புகளை விட்டுவைக்கும் மருந்து ஒன்று வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் ஆராய்ச்சி தொடங்கியது. ஆனால் இவை இன்னும் ஆராய்ச்சிப் பொருள்களாகவே இருக்கின்றன. தசை வளர்க்கும் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோனை இவையும் அடக்குகின்றன, நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.லைக் குறைக்கின்றன, கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. இணையத்தில் சார்ம்ஸ் என்று விற்கப்பட்ட 44 பொருள்களை வாங்கிச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். உண்மையில் சார்ம்ஸ் இருந்தது பாதியளவில்தான், மற்றவற்றில் அங்கீகாரமற்ற வேறு மருந்துகள் இருந்தன, சிலவற்றில் எதுவுமே இல்லை. வாங்கியவர் ஏமாந்ததே பாக்கியம் என்று சொல்லத்தக்க பொருள் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: உடலழகுப் போட்டிக்குத் தயாராகும் பெண் நான். பெண்களுக்கு ஏற்ற லேசான ஸ்டீராய்டு என்று ஒரு மாத்திரையைப் பரிந்துரைக்கிறார்கள்.

பதில்: வேண்டாம் சகோதரி. ஆண்கள் விஷயத்தில் ‘பல பாதிப்புகள் காலப்போக்கில் ஓரளவு மீளும்’ என்றாவது சொல்ல முடியும். பெண்கள் விஷயத்தில் அந்தச் சலுகையும் இல்லை. ஆண் ஹார்மோன் குரல்வளையைத் தடிக்கச் செய்து குரலைக் கனக்க வைத்தால், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்புவதில்லை. பெண்ணுறுப்பில் ஏற்படும் பெருக்கமும் பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடும். முகத்தில் முளைத்த ரோமமும், தலையில் உதிர்ந்த முடியும் எளிதில் பழைய நிலைக்கு வருவதில்லை. மாதவிலக்கு நிற்கும், கருவுற்றால் பெண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படும். குரல் கரகரப்பதைச் சளி என்று நினைத்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டாலே அது நிலைத்துப்போகக்கூடும்.

‘லேசானது’ என்ற சொல் புதிதல்ல. கிழக்கு ஜெர்மனியில் 1970-களிலும் 80-களிலும், பதின்ம வயது நீச்சல் வீராங்கனைகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு ஓரல் டூரினபால் என்ற நீல மாத்திரை கொடுக்கப்பட்டது. அவர்களில் பலரிடம் அதைச் சத்து மாத்திரை என்றே சொன்னார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய அதிகாரிகள் 2000-ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர், ஆனால் அந்தப் பெண்களின் குரல் திரும்பவில்லை.

இன்னொரு வாசகி, எடை தூக்கினாலே ஆண்களைப்போல் ஆகிவிடுவோமா என்று கேட்டிருக்கிறார். ஆக மாட்டீர்கள். உங்கள் ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கேள்வி: (இரண்டு கடிதங்கள்) ஒருவர்: நான் எந்த மருந்தும் எடுப்பதில்லை, ஆனால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களும் கிரியாட்டினினும் கூடுதலாக வந்து பதறிப்போயிருக்கிறேன். மற்றவர்: நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறேன், எல்லாம் நார்மல், அப்படியானால் பயமில்லைதானே?

பதில்: முதலாமவர் பதற வேண்டாம், இரண்டாமவர் கொஞ்சம் பதற வேண்டும்.

ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று ரிப்போர்ட்டில் வருபவை கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உண்டு. கால்களுக்கான கடும் பயிற்சியை முடித்த மறுநாள் ரத்தம் கொடுத்தால் இரண்டுமே எகிறியிருக்கும். அப்போது சி.கே. என்ற தசை என்சைமையும், கல்லீரலின் நிலையைக் காட்டும் ஜி.ஜி.டி.யையும் பிலிருபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சி.கே. மட்டும் ஏறி மற்ற இரண்டும் இயல்பாக இருந்தால் அது தசையின் கைவரிசை. ஒரு வாரம் எடை தொடாமல் இருந்துவிட்டு மறுபடியும் பாருங்கள். சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கப்படும் கிரியாட்டினினும் தசையிலிருந்து வருவதுதான். தசை அதிகம் உள்ளவருக்கும், கிரியேட்டின் பொடி சாப்பிடுபவருக்கும் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாடின் சி என்ற பரிசோதனை தெளிவுபடுத்தும். கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் வரை பாதுகாப்பானது. உண்மையாகவே பலன் தரும் மிகச் சில பொடிகளில் அது ஒன்று. ரத்தம் கொடுக்கும்போது நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போது பயிற்சி செய்தீர்கள் என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாமவருக்கு: நீங்கள் பார்க்கும் பட்டியலில் இதயத் தசையின் தடிப்பும் குழாய்களின் படிவும் இல்லை, அவை ரத்தத்தில் தெரிபவை அல்ல. மாத்திரையாக எடுக்கும் ஸ்டீராய்டுகள் கல்லீரலில் எளிதில் சிதையாதபடி மாற்றி அமைக்கப்பட்டவை. அதனாலேயே கல்லீரலைச் சோதிப்பவை. அவை உண்டாக்கக்கூடிய ரத்தக் குமிழ்களும் கட்டிகளும் என்சைம் இயல்பாக இருக்கும்போதே வளர்ந்திருக்கலாம். ஹெச்.டி.எல்., ஹீமட்டோகிரிட் இரண்டும் உங்கள் ரிப்போர்ட்டில் உண்டா என்று பாருங்கள். ரத்தம் குழம்புபோல் கெட்டியாகிக் கட்டி அடைக்கும் ஆபத்தைக் காட்டுவது பின்னது. இருந்தால் எண்களோடு எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே குப்பியிலிருந்து மருந்து எடுக்கும் பழக்கம் இருந்தால், ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் பரிசோதனை தேவை.

கேள்வி: வயது 33. ஆறு ஆண்டுகள் விட்டுவிட்டு ஸ்டீராய்டு எடுத்தேன். நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. தாம்பத்தியத்தில் ஈடுபாடு இல்லை, எப்போதும் மனம் கனத்துக் கிடக்கிறது, குழந்தைக்காக முயன்றும் பலனில்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: சொல்லிவிடுங்கள் தம்பி. நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்களாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் காரணத்தை மறைத்தால் சிகிச்சை நேர் எதிராகப் போய்விடும். உங்கள் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பதை மட்டும் பார்க்கும் ஒருவர், நல்லெண்ணத்தோடே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை எழுதிக் கொடுக்கக்கூடும். அது உங்கள் சோர்வைப் போக்கும், விந்தணுவை இன்னும் அடக்கிவிடும். குழந்தை வேண்டுபவருக்கு அந்த ஊசி கூடாது. விரைகளையோ பிட்யூட்டரியையோ தூண்டும் மருந்துகள் வேறு உண்டு, அவற்றை நாளமில்லாச் சுரப்பி நிபுணரோ ஆண் மலட்டுத்தன்மை நிபுணரோ அளவு பார்த்துத் தர வேண்டும். ஜிம்மில் சைக்கிளுக்குப் பின் போடும் ‘மீட்பு’ மருந்து என்று அதே பெயர்களில் உலவுவதை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

முதலில் காலையில், வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின் ஆகியவற்றுக்கு ரத்தம் கொடுங்கள். விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒரு விந்தணு முதிர்ந்து வெளிவருவதற்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மாதம் பிடிக்கும் என்பதால், ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டாமல் மூன்று மாத இடைவெளியில் மறுபடியும் பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் உற்பத்தி திரும்பிவிடுகிறது. நீண்ட காலம், பெரிய அளவில் எடுத்தவர்களுக்குக் கூடுதல் நாள் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எட்டு மாதம் என்பது நம்பிக்கை இழக்கும் கட்டமே இல்லை.

மனக் கனம் என்று எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டீராய்டை நிறுத்தியவர்களுக்கு வரும் மனச்சோர்வு சிலரைத் தற்கொலை எண்ணம் வரை இழுத்துப்போகும் என்பது நன்றாக அறியப்பட்டது. அப்படி ஓர் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் ஹார்மோன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது இன்னும் ஒல்லியாகவே இருப்பதாகத் தோன்றிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. மனைவிக்கு இந்த ஆறு ஆண்டுகள் தெரியாது என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ளும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை.

கேள்வி: மருந்தே இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும்? சமூக ஊடகங்களில் ‘நேச்சுரல்’ என்று சொல்பவர்களின் உடம்பு எங்களுக்கு ஏன் வருவதில்லை?

பதில்: அவர்களில் பலர் நேச்சுரல் இல்லை என்பது பதிலின் பாதி. கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்கி வரும் விடையால் வகுத்தால் ஓர் எண் வரும். 80 கிலோ எடையும் 15 சதவீதக் கொழுப்பும் உள்ளவருக்குக் கொழுப்பு நீங்கலான எடை 68 கிலோ, உயரம் 1.75 மீட்டர் என்றால் எண் 22-ஐ ஒட்டி வரும். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு எடுக்காத ஆண் விளையாட்டு வீரர்களுக்கு இந்த எண் 25-ஐ ஒட்டி நின்றுவிட்டது, எடுத்தவர்களில் பலருக்கு அதைத் தாண்டிப் போனது. 25 என்பது கோடு கிழித்தாற்போன்ற எல்லை அல்ல. அபூர்வமான உடல்வாகு உள்ள சிலர் தாண்டலாம். ஆனால் வரிவரியாகப் பிளந்த வயிற்றோடு 28-இல் நிற்கும் ஒருவர் உழைப்பையும் சாப்பாட்டையும் மட்டும் காரணமாகச் சொல்லி உங்களிடம் பயிற்சித் திட்டம் விற்றால், விளம்பர வெளிச்சத்தையும் படத் திருத்தத்தையும் கழித்த பிறகும் மிஞ்சுவதை யோசித்துப் பாருங்கள்.

22-க்கும் 25-க்கும் நடுவில் உள்ள தூரம் சிறிதல்ல, பெரும்பாலோர் அதில் பாதியைக்கூட நடந்ததில்லை. முதல் கேள்வி கேட்ட 24 வயது வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதால்தான், தசை பெருப்பது கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் ஆண்டில் கிடைப்பது மூன்றாம் ஆண்டில் கிடைக்காது, அது உடலின் இயல்பு. ஆனால் ஓர் ஆண்டு முழுக்க எதுவுமே நகரவில்லை என்றால் நான் பார்ப்பது அவருடைய நோட்டுப் புத்தகத்தை. போன மாதம் தூக்கிய எடை, எண்ணிக்கை, செட் எதுவும் அதில் இருக்காது; பெரும்பாலும் நோட்டே இருக்காது. அதே கம்பி, அதே தட்டு, அதே பத்துத் தடவை என்று ஆண்டு முழுவதும் செய்தால் உடம்பு மாறுவதற்கு என்ன அவசியம் இருக்கிறது? எண்ணிக்கையில் ஒன்றோ எடையில் ஒன்றரைக் கிலோவோ ஏதாவது கூடிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு நாள், மொத்தம் பத்து செட்டை ஒட்டி, இன்னும் ஒன்றிரண்டு தடவைதான் தூக்க முடியும் என்ற கட்டம் வரை செய்தால் போதுமானது. மார்புக்கும் கைக்கும் நான்கு நாள், காலுக்குப் பூஜ்யம் என்ற கணக்கும் நிறைய ஜிம்களில் உண்டு.

அடுத்தது தூக்கம். இரவு ஒன்றரை மணி வரை கைப்பேசியோடு இருந்துவிட்டு ஆறு மணிக்கு ஜிம்முக்கு வருபவர் ஹார்மோன் ஊசியைப் பற்றி விசாரிப்பது எனக்குப் புரிவதில்லை. இளைஞர்களைத் தொடர்ந்து ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வில் அவர்களின் பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. எடையும் கூட வேண்டும், வயிறும் தட்டையாகவே இருக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருப்பவர்களும் இதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சற்றே கூடுதலாகச் சாப்பிட்டு, மாதத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை ஏறும்படி வைத்துக்கொண்டு நான்கு மாதம் பாருங்கள்; எண்களோடு எழுதினால் அடுத்து எதை மாற்றுவது என்று சொல்கிறேன்.

கேள்வி: தேர்வுக்காக இரண்டு மாதம் பயிற்சியை நிறுத்த வேண்டியிருக்கிறது. இயற்கையாகச் சேர்த்த தசை எல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது. முதல் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும் சுருக்கத்தில் பெரும்பங்கு தசைக்குள் சேமித்திருந்த சர்க்கரையும் நீரும்தான். வாரத்துக்கு ஒரு நாள், முக்கால் மணி நேரம் ஒதுக்கி, எடையைக் குறைக்காமல் செட்டுகளை மட்டும் குறைத்துச் செய்தால் சேர்த்ததில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஒரு நாளும் முடியாது என்றாலும், திரும்பி வந்த பிறகு இழந்ததைச் சேர்க்க முதல் தடவை பிடித்த காலத்தில் சிறு பகுதியே பிடிக்கும். தேர்வை நன்றாக எழுதுங்கள்.